மீட்டருக்கு என்ன கோபம்

அவருக்கு மோப்பம் என்று பெயர் வைத்தவர் மெத்தைக் கம்பெனி வாட்ச்மேன். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. பெயரில் உண்மை இருந்ததும் ஒரு காரணம். தன்னுடைய பிக்கப் வண்டிப் பக்கம் யாராவது போய்விட்டு வந்தால், மோப்பம் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைச் சொறிவதுபோல அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோவார். டீசல் வாடை அடிக்கிறதா என்று பார்க்கத்தான். அந்த வட்டாரத்தில் அவ்வளவு அன்பாகக் கை குலுக்குகிறவர் வேறு யாரும் இல்லை.

பூட்டு வாங்கினால் மூன்றாவது சாவி ஒன்று கடைக்காரரிடம் இருக்கும் என்று நம்புவார். அதனால் ஒரு கடைப் பூட்டுக்கு மேல் இன்னொரு கடைப் பூட்டையும் மாட்டுவார். வண்டிக் கணக்கை எழுதி வைக்கமாட்டார். எழுதி வைத்தால் யாராவது திருத்திவிடுவார்கள். எல்லாம் மனப்பாடம்.

இதெல்லாம் மனிதர்களிடம்தான். கடிகாரம், தராசு, தெர்மாமீட்டர் என்று முள்ளும் எண்ணும் உள்ள எதன் மீதும் அவருக்குக் குழந்தைக்கு இருப்பதுபோல ஒரு நம்பிக்கை இருந்தது. "இரும்புக்கு ஏது ஆசை? அது எதுக்குப் பொய் சொல்லணும்?" என்பார்.

இளவயதில் அவர் இன்னொருவரின் லாரி ஓட்டியவர். ஸ்பீடாமீட்டருக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளின் திருகைக் கழற்றிவிட்டால் மீட்டர் தூங்கிவிடும். போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்து மறுபடி முறுக்கிவிடலாம். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. இதை அவர் செய்திருக்கிறார். இருந்தும் மீட்டர் மேல் இருந்த மரியாதை குறையவில்லை. அதன் வாயைப் பொத்தலாமே தவிர, பொய் பேச வைக்க முடியாது என்பது அவர் கட்சி.

முழங்கால் தேய்ந்து கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போன பிறகு வண்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஒரே மகளின் கணவர். அதற்கு முன் வேறோர் ஊரில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்களிடம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தவிர, மாப்பிள்ளையிடம் கை குலுக்கிவிட்டு மோந்து பார்க்க முடியாது. "வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை" என்று மரியாதையோடுதான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. சந்தேகப்படுவதிலேயே அதுதான் கடினமான வகை.

வண்டி முன்பு கல்குவாரியில் ஓடியது. பாறாங்கல் சுமப்பதற்கென்று அமைந்த வண்டி. பின் ஆக்சிலின் நடுவில் பானை மாதிரி உருண்டையாக இருக்குமே, அதற்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கும். இந்த வண்டியில் சின்னதற்கு எட்டுப் பல், பெரியதற்கு நாற்பத்தொன்று. மலையையே கட்டி இழுக்கும். ஆனால் வேகம் எடுத்தால் இன்ஜின் அலறும். குவாரி மூடிவிட்டார்கள். இப்போது வண்டியில் ஏறுவது ஸ்பாஞ்சு மெத்தை. வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாள், நெடுஞ்சாலையில் நூற்று ஆறு கிலோமீட்டர் போய் மெத்தைக் கடையில் இறக்கிவிட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். போக வர இருநூற்றுப் பன்னிரண்டு.

"யானைக்கு முதுகுல பஞ்சு ஏத்தி ஓட விடறீங்க அண்ணே" என்றார் மெக்கானிக். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்று சொல்வதால் அவருக்கு நாளைக்கு என்றே பெயர். "இழுக்கத்தான் ஆளே தவிர ஓட இல்ல. பல்லை மாத்துங்க. ஒன்பதுக்கு நாப்பது ஒரு ஜோடி, பழசுதான், கிடக்கு. அதே ஸ்பீடுக்கு இன்ஜின் கம்மியா சுத்தினாப் போதும். கம்மியா சுத்தினா கம்மியாக் குடிக்கும்."

"மேட்டுல ஏறுமா?"

"பாறைய ஏத்தினா முனகும். மெத்தைய ஏத்திட்டு ஏறாட்டி என் பேரை மாத்திக்கறேன்."

"எந்தப் பேரை?" என்றார் மோப்பம்.

பல்லை மாற்றினார்கள். மறுநாள் முடியும் என்றது நான்காம் நாள் முடிந்தது. நெடுஞ்சாலையில் முன்பு கத்திக்கொண்டு போன இன்ஜின் இப்போது முணுமுணுத்துக்கொண்டு போனது. போகும் முன்பும் வந்த பின்பும் ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பச் சொல்வது மோப்பத்தின் வழக்கம். முன்பு இருபது லிட்டர் பிடித்த இடத்தில் இப்போது பதினெட்டுதான் பிடித்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஜன்னலுக்குள் தலையை விட்டு மீட்டரைப் பார்த்தார். மலர்ந்தது அப்படியே நின்றது.

"என்ன மாப்பிள்ளை, நூத்தி எண்பத்திநாலு காட்டுது?"

"நானும் பாத்தேன் மாமா. எப்பவும் போற வழிதான். மீட்டர்தான் ஏதோ கம்மியா ஓடுது."

"மீட்டருக்கு என்ன, உங்க மேல கோபமா?"

மாப்பிள்ளை சிரித்தார். மோப்பம் சிரிக்கவில்லை.

அன்று சோற்றுத் தட்டின் முன்னாலேயே கணக்குப் போட்டார். இருபது லிட்டருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் லிட்டருக்குப் பத்தரைக்கு மேல். பதினெட்டுக்கு நூற்று எண்பத்திநாலு என்றால் பத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான். இவ்வளவு செய்து மைலேஜ் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. எங்கோ யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

முதலில் மெக்கானிக். பல்லை மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை பக்கத்துக் காலி மனையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தினார். பின் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு நீளமாகப் போகும் ஷாஃப்டில் இன்னொரு கோடு. மாப்பிள்ளையைத் தள்ளச் சொன்னார். சந்தேகத்துக்கு ஆளானவரே வண்டியைத் தள்ள, சந்தேகப்பட்டவர் ஓரமாகத் தரையில் சாய்ந்துகொண்டு எண்ணினார். டயர் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று? பழைய பல் என்றால் ஐந்தைத் தாண்டியிருக்கும். நாலரைகூட முழுதாக வரவில்லை. பல் மாறியிருப்பது நிஜம்.

விடை அவர் கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மெக்கானிக் குற்றவாளி இல்லை என்பதற்குச் சாட்சியாக மட்டும் அதை எடுத்துக்கொண்டு, சட்டையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

மெக்கானிக் இல்லையென்றால் மீதி ஒருவர்தான்.

அவர் மனம் தன் இளவயதுக்குப் போனது. கேபிள். கேபிளைக் கழற்றுகிறாரா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி தெரியும். திருகின் மேல் ஒரு சொட்டுச் சாயம் வைத்தால், கழற்றும்போது விரிசல் விட்டுவிடும். மகள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போனார்.

"பாப்பா, நகத்துக்குப் போடுவியே சிவப்பு, அது இருக்கா?"

"எதுக்குப்பா? அம்மாவுக்கா?"

"ஒரு வேலை இருக்கு."

"எனக்குச் சொல்லக்கூடாத வேலையா?"

அவள் அவருடைய மகள். சொல்லாமல் பாட்டில் கைக்கு வராது. மேலோட்டமாகத்தான் சொன்னார். இருபத்தெட்டு கிலோமீட்டர் குறைகிறது என்றார். கேபிள் என்றார். தப்பாக ஒன்றுமில்லை, சும்மா ஒரு அத்தாட்சிக்கு என்றார். அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் சாயத்தை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் நூற்று எண்பத்திநாலுதான். சாயத்தில் விரிசல் இல்லை.

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். மோப்பம் யோசித்தார். பாட்டில் எங்கே இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டில். கழற்றினவர் மறுபடி ஒரு சொட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தது தன் முட்டாள்தனம்.

இதைச் சொல்லிப் பாட்டிலை வாங்கி வரத்தான் மறுபடி மகள் வீட்டுக்குப் போனார். அவள் ஏற்கனவே தனியாகக் கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

"கேபிளெல்லாம் இல்லப்பா. நூத்தி எண்பத்திநாலுல பாதி எவ்வளவு?"

"தொண்ணூத்திரண்டு."

"கடை நூத்தி ஆறுல இருக்கு. தொண்ணூத்திரண்டுல எந்த ஊர் இருக்கு?"

அவர் எத்தனையோ முறை கடந்து போன சாலை. கண்ணை மூடினால் ஊர் ஊராக வரும். தொண்ணூற்றிரண்டில் மாப்பிள்ளை முன்பு வேலை பார்த்த அச்சகம் இருந்த ஊர்.

"அங்க பைண்டிங் செக்‌ஷன்ல ஒரு பொண்ணு இருந்தாளாம். நல்லாப் பாடுவாளாம். அவரே ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கார்" என்றாள் மகள்.

"அப்ப சரக்கு?"

"வேற வண்டியில மாத்தி அனுப்பறாரு. இவர் அங்கேயே நின்னுடறாரு. அவ்வளவுதான். சரக்கு போய்ச் சேருது. வண்டி போய்ச் சேரல."

அப்படியே பொருந்தியது. டீசல் குறைந்ததற்கும் அதுவே காரணம். வண்டி குறைவாக ஓடினால் டீசலும் குறையத்தானே செய்யும். அவர் டீசல் திருட்டைத் தேடித்தான் கிளம்பினார். இந்த இடத்துக்கு வந்து சேருவோம் என்று நினைக்கவில்லை. அதே நேரத்தில், மகளின் மூளையை நினைத்து ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டார்.

"நீ அவசரப்படாத பாப்பா."

"நான் அவசரப்படலை. அப்பா மீட்டரைப் பாத்துட்டுத்தான் இருக்கார், இருநூத்திப் பன்னண்டு வரணும்னு மட்டும் இன்னைக்கு அவர்கிட்ட சொல்லப்போறேன். சொன்னதுக்கு அப்புறம் என்ன காட்டுதுன்னு பாப்போம்."

வியாழக்கிழமை மாப்பிள்ளை வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். மோப்பம் ஜன்னலுக்குள் தலையை விட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, நேரா போய் நேரா வந்தா சரியா வருது" என்றார். குரலில் தேன் வழிந்தது. "ஏன் நேரமாச்சு?"

"பஞ்சர் மாமா. ரிங் ரோடு முக்குல, அந்தப் பஞ்சர் கடையிலதான்."

மீட்டர் சரியாக இருந்ததால் பஞ்சரை அவர் நம்பினார். டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அன்று டேங்க்கில் எவ்வளவு பிடித்தது என்று கேட்கவும் மறந்துவிட்டார். எண் கிடைத்துவிட்டது. குடும்பம் பிழைத்தது என்று படுத்துத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"என்ன பாப்பா? அதான் சரியா வந்துடுச்சே!"

"அதனாலதான்ப்பா வந்தேன். சொன்ன உடனே சரியா வருதுன்னா, சொல்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

எண் தப்பாக வந்தால் குற்றம். சரியாக வந்தால் அதைவிடப் பெரிய குற்றம். இப்படி ஒரு கணக்கை அவரே போட்டதில்லை.

அவள் அம்மா, மோப்பத்தின் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொண்ணுக்கு நகை போட்டேன், பாத்திரம் கொடுத்தேன். இதை மட்டும் நீங்கதான் கொடுத்திருக்கீங்க" என்றாள்.

"எதை?"

"மூக்கை."

அவர் மெத்தைக் கடைக்குப் போன் போட்டார். சரக்கு ஒழுங்காக வருகிறது என்றார் கடைக்காரர். யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளைதான், வேறு யார் என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு, கடைக்காரர் கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் சொன்னது நெருடியது. சொல்லி வைத்திருப்பார்களோ?

நேரில் பார்த்தால்தான் தீரும். சனிக்கிழமை காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கடைக்காரரைப் பார்த்து நாளாகிவிட்டது என்றார். மாப்பிள்ளை அவர் முழங்காலுக்கு அணையாக ஒரு துண்டை மடித்து வைத்துக் கொடுத்தார். புறப்படும்போது மீட்டரில் அன்றன்றைய ஓட்டத்தை எண்ணும் சின்ன எண்களைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தார்.

இன்ஜின் முணுமுணுத்தது. ஒரு பாலம் தாண்டியதும் மாப்பிள்ளை கேட்டார்:

"அவ எப்ப வருவா மாமா?"

"வருவா."

"என்ன கோபம்னு சொல்லவே மாட்டேங்கறா. நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா நீங்களாவது சொல்லுங்க."

மோப்பம் வெளியே பார்த்தார். நடிப்பவன் இப்படித்தான் கேட்பான். நடிக்காதவனும் இப்படித்தான் கேட்பான். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் காட்டும் முள் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அச்சக ஊர் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி வேகம் குறைகிறதா, மாப்பிள்ளையின் கண் எந்தத் தெருப் பக்கம் போகிறது என்று பார்த்தார். கண் எங்கும் போகவில்லை. வண்டி பேருந்து நிறுத்தத்தைக் கடந்தது, அச்சகத்தின் மங்கிப்போன பலகையைக் கடந்தது. அப்போதுதான் மீட்டரைப் பார்த்தார்.

எண்பது.

தொண்ணூற்றிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்பது. முதலில் சாலையைச் சந்தேகப்பட்டார். வளைவை எங்காவது நிமிர்த்திவிட்டார்களா? பழைய புளியமரம் இருந்தது. பழைய வளைவும் இருந்தது. கேபிளைப் பார்த்தார். சிவப்புச் சொட்டு அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கடை வாசலில் வண்டி நின்றபோது மீட்டர் தொண்ணூற்றிரண்டு காட்டியது. கடைக்காரர் வெளியே வந்து, "அடடே, முதலாளியே வந்துட்டாரே!" என்றார். பலகை அதே பலகை, படி அதே படி. வழியில் ஓர் அடிகூட வண்டி விலகவில்லை. கண் கொட்டாமல் பார்த்தவர் அவரேதான்.

மாப்பிள்ளை மீட்டரைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். கதவைத் திறந்து மெத்தைகளை இறக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஷெட்டுக்கு விடுமுறை. மோப்பம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏம்பா, என் மீட்டர் எதைப் பாத்து எண்ணுது?"

பல் துலக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "கேபிள் கியர்பாக்ஸ் வாலுல இருந்து வருது அண்ணே. ஷாஃப்ட் சுத்தறதத்தான் எண்ணும். டயரை அது கண்டதே இல்ல."

"அப்ப ஷாஃப்ட் கம்மியா சுத்தினா?"

"மீட்டரும் கம்மியாத்தான் ஓடும். பழைய பல்லுக்குன்னு கணக்கு வச்ச மீட்டர்தானே. அதுக்கு அங்க ஒரு சின்னப் பல்லு இருக்கு, பிளாஸ்டிக்ல. அதையும் சேத்து மாத்தினாத்தான் சரியா வரும்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சொல்லலையா நான்? அந்தச் சின்னப் பல்லு அப்பக் கிடைக்கல. கிடைச்சதும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மோப்பத்துக்கு அடிக்கக் கை எழுந்தது. அடிக்கும் முன் கணக்கு குறுக்கே வந்துவிட்டது. உண்மையில் ஓடியது இருநூற்றுப் பன்னிரண்டு. குடித்தது பதினெட்டு. லிட்டருக்குப் பன்னிரண்டைத் தொடுகிறது! மைலேஜ் ஏறித்தான் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே ஏறியிருக்கிறது. அது ஏறியதை மறைத்தது மீட்டர். எந்த மாற்றத்தால் டீசல் மிச்சமானதோ, அதே மாற்றம்தான் கிலோமீட்டரையும் விழுங்கியிருக்கிறது. மாப்பிள்ளை முதல் நாளே சொன்னார், மீட்டர்தான் ஏதோ என்று.

மகளிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தார். முழங்கால் வலி தெரியவில்லை. தெருமுனை திரும்பும்போது கால் தானாக நின்றது.

வியாழக்கிழமை.

கடைக்குப் போய் வந்தால் மீட்டர் நூற்று எண்பத்திநாலுதான் காட்டும். அதுதான் நேர்மையான எண். அப்படியென்றால் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டிய நாள்? அன்று வண்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல் எங்கோ அதிகமாக ஓடியிருக்கிறது. இத்தனை நாளில் ஒரே ஒரு நாள்தான் மாப்பிள்ளை வழி மாறிப் போயிருக்கிறார். அது இவர் மெச்சி, தேன் வழியப் பேசிய அந்த நாள். முக்கால் மணி நேரத் தாமதம் வேறு. பஞ்சராம்.

சொல்லாமல் இருந்துவிடலாமா? அவளிடம் மீட்டர் கதையைச் சொன்னால், அவர் தெருமுனையில் கண்டுபிடித்ததை அவள் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிப்பாள். பெட்டி திரும்பிப் போகாது. ஒருவேளை எப்போதுமே போகாது. தெரிந்துகொள்ளாமல் வீட்டுப் படி ஏற முடியாது.

ரிங் ரோடு முக்குக்கு ஆட்டோ பிடித்தார். பஞ்சர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மெத்தை வண்டிக்குப் பஞ்சர் போட்டீங்களா?"

"மெத்தை வண்டியா? பக்கவாட்டுல நீலப் பட்டை போட்ட பிக்கப்பா?"

"அதேதான்."

"பஞ்சரெல்லாம் இல்லீங்க பெரியவரே."

"அப்புறம் எந்தப் பக்கம் போச்சு?"

"எந்தப் பக்கமும் போகல. அதுதான் வேடிக்கை. நெடுஞ்சாலையில இருந்து வந்துது, ஊருக்குள்ள திரும்பாம ரிங் ரோட்டுல போச்சு. கொஞ்ச நேரத்துல ஊரைச் சுத்தி அந்தப் பக்கமா வந்து மறுபடி போச்சு. மூணாவது தடவ வந்தப்ப, வழி தெரியாத ஆளு போலன்னு கையக் காட்டி நிறுத்தினேன். ஊருக்குள்ள போக இப்படித் திரும்பணும் தம்பின்னேன். தெரியும்ணே, இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்குன்னாரு."

"எதுக்காம்?"

பஞ்சர் கடைக்காரர் டியூபை வெளியே எடுத்து உதறினார். "நானும் அதைத்தான் கேட்டேன். எதுக்குப்பா இந்தச் சுத்துன்னு. மாமனாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பாவம், நல்ல பையனாத் தெரிஞ்சுது. கொஞ்சம் இப்படி போலிருக்கு" என்று நெற்றிப் பக்கமாக விரலைச் சுழற்றிக் காட்டினார்.

மோப்பம் அங்கிருந்த பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவர் முன்னால் ரிங் ரோடு ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாத அந்தச் சாலையில் ஒரு மனிதர் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு, எண்களைப் பார்த்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு வரும் வரை சுற்றியிருக்கிறார். உண்மையைச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அதனால் மாமனார் கேட்ட எண்ணை டீசலை எரித்துச் செய்துகொடுத்திருக்கிறார்.

"ஏங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நீங்க அந்தப் பையனோட சொந்தமா?" என்று கேட்டார் மோப்பம். கேட்டே ஆகவேண்டியிருந்தது.

"நானா? என் சொந்தத்துல யாருக்கு மெத்தை இருக்கு?"

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷாஃப்ட், பிளாஸ்டிக் பல், எண்பதில் வந்த ஊர், மூன்று சுற்று, மாமனாருக்கு. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள்.

"அந்தப் பஞ்சர் கடைக்காரருக்கு இவர் சொல்லிக் கொடுத்திருந்தா?"

மகளின் வாயிலிருந்து அவர் தன் குரலையே கேட்டார். நன்றாக இல்லை.

"சொல்லிக் கொடுத்திருந்தா பஞ்சர் போட்டேன்னு இல்ல சொல்லியிருப்பான்" என்றார். "பாப்பா, இது என்கிட்ட இருந்து வந்தது. நான் தப்பா ஆரம்பிச்சேன். நீ சரியாக் கணக்குப் போட்ட. தப்புல ஆரம்பிச்சா கணக்கு எவ்வளவு சரியாப் போட்டாலும் அந்த ஊர்லதான் போய் நிக்கும்."

அவள் உடனே கிளம்பவில்லை. செவ்வாய்க்கிழமை வரட்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு வண்டி வந்து நின்றது. மோப்பம் வாசலில்தான் இருந்தார். எழுந்து போனார். ஜன்னல் திறந்திருந்தது. தலையை உள்ளே விடவில்லை. கழுத்து நரம்பு அதற்குத் தயாராகப் புடைத்ததை மனைவி பார்த்தாள்.

"வாங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை இறங்கவில்லை. அடிக்குத் தயாராகிறவர்போலச் சொன்னார்: "மாமா, இன்னைக்கும் நூத்தி எண்பத்திநாலுதான்."

"தெரியும். ரிங் ரோடெல்லாம் நல்லா இருக்கா?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "யார் சொன்னா?"

"மீட்டர் சொல்லுச்சு. எனக்குத்தான் அது பேசற பாஷை புரியல."

வேறு என்ன சொல்வது என்று மெக்கானிக்கைத் திட்டத் தொடங்கினார். சின்னப் பல் நாளைக்கு வரும் என்கிறான், அவன் நாளைக்கு எந்த வருஷத்து நாளைக்கோ என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் பெட்டியோடு வந்து, வண்டியைச் சுற்றிப் போய், அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கணவரைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அந்த பைண்டிங் பொண்ணு நல்லாப் பாடுவாளா?"

"எந்தப் பொண்ணு? அந்த அம்மாவா? ரிட்டயர் ஆகி நாளாச்சே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வண்டிய எடுங்க."

வண்டி முணுமுணுத்தபடி நகர்ந்தது. அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி, வலது பக்கம். வண்டி தெருமுனையில் இடது பக்கம் திரும்பியது.

மோப்பம் சட்டென்று இரண்டு எட்டு முன்னால் வைத்தார். மூக்கு விடைத்தது. இடது பக்கம் போனால் வீடு வராது. ரிங் ரோடுதான் வரும்.

"எங்க போறாங்க?" என்றாள் மனைவி, பின்னால் வந்து நின்று.

"தெரியல."

"நாளைக்கு மீட்டரைப் பாத்தாத் தெரிஞ்சுடாதா?"

அவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டியின் சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போனது.

"அதுதான் தப்பா ஓடுதே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கதவில் ஒரே ஒரு பூட்டை மட்டும் போட்டார்.